நாலாம் கவுண்டருக்கு இருபத்திரண்டு தப்படி

இந்தக் காலத்தில் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறவனின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. காலைத்தான் பார்க்கிறார்கள். நாய்கூட மூஞ்சியைப் பார்த்துவிட்டுத்தான் குரைக்கும். மனுஷனுக்கு அந்தப் பொறுமையும் போய்விட்டது.

இது நெஸ்டர் பசராபாவின் கட்சி. எண்பத்தொரு வயது. படித்தது ஐந்தாம் வகுப்பு. முப்பத்துநாலு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் தரை துடைத்தவர். அறுநூறு பிள்ளைகள், ஆயிரத்து இருநூறு கால்கள், வருஷத்தில் ஆறு மாசம் பனி. ஆகவே காலைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை உண்டு என்று அவர் நினைத்தார். வேறு யாரும் அப்படி நினைக்கவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமையோடு அவருடைய டிரைவிங் லைசென்ஸ் முடிகிறது. எண்பது தாண்டினவர்கள் டாக்டர் கடிதத்தோடு நேரில் போக வேண்டும். லோர்மண்ட் ஊரின் மக்கள் சேவை மாளிகையில், நாலாம் கவுண்டரில் கடிதத்தைக் கொடுத்து, சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துகளை வாசித்துக் காட்ட வேண்டும். அந்த எழுத்துகளை அவர் மனப்பாடமாகவே வைத்திருந்தார்.

லைசென்ஸ் இல்லையென்றால் கார் இல்லை. கார் இல்லையென்றால் நாற்பது கிலோமீட்டர் வடக்கே, ஏரிக்கரை முதியோர் இல்லத்துக்குப் போக வழியில்லை. அந்தப் பக்கம் பஸ் கிடையாது. அங்கேதான் அவர் மனைவி ஸ்டெஃபா படுத்திருக்கிறாள். பக்கவாதம் வந்த நாளிலிருந்து மத்தியானச் சாப்பாட்டை அவர் கையால் மட்டும்தான் வாங்குவாள். வேறு யார் கரண்டியை நீட்டினாலும் வாய் பூட்டிக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம். பெரிதாக ஒன்றுமில்லை.

செவ்வாய்க்கிழமை மைனஸ் முப்பத்தொன்று. எஞ்சினைச் சூடாக வைக்கும் வயரை ராத்திரி முழுக்கச் செருகி வைத்திருந்ததால் கார் முனகிக்கொண்டே கிளம்பியது. மாளிகை வாசலில் உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டியிருந்தார்கள். அந்தக் குளிரில் உப்பு பனியை உருக்காது. அது நெஸ்டருக்குத் தெரியும், பனிக்கும் தெரியும். கொட்டியது மாளிகைக்காரர்கள். கொட்டிவிட்டு உள்ளே போய், "உங்கள் காலில் உப்பு இருக்கிறது" என்று கதவில் பலகை மாட்டியிருந்தார்கள்.

கதவைத் தாண்டியதும் மிதியடி. ஒன்றல்ல, மூன்று. முதலாவது சுரண்டுவதற்கு, இரண்டாவது உறிஞ்சுவதற்கு, மூன்றாவது காத்திருப்பதற்கு. மூன்றாவதன் ஓரத்தில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் தரை. பச்சையும் காவியும் கறுப்புமாகச் சல்லி பதித்த பழைய மொசைக். பளபளவென்றுதான் இருந்தது, ஆனால் புரை விழுந்த கண் மாதிரி ஒரு வெளுப்பு. அந்தக் கோடியில் ஆறு கவுண்டர்கள். நாலாவதன் மேல் விளக்கு எரிந்தது. நெஸ்டர் கண்ணால் அளந்தார். இருபத்திரண்டு தப்படி.

மிதியடியில் நின்றவர் லைல். ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பையின் மேல் "மிதியடிக் காவலர்" என்று நூலால் தைத்திருந்தது. பூட்ஸைக் கழற்றச் சொன்னார். நெஸ்டர் கழற்றினார். எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் பூட்ஸைக் கழற்றுவதுதான் முறை. கழற்றாதவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். லைல் பதினேழாம் எண் வில்லை ஒன்றைக் கொடுத்துவிட்டு, பூட்ஸை வெளியே கொண்டுபோய், வாசல் சுவரோரம் இருந்த தட்டில் வைத்தார். உள்ளே வைத்தால் உருகும், உருகினால் சொட்டும், சொட்டினால் தரை.

அடுத்தது சாக்ஸ் பரிசோதனை. ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு அதில் ஏறி நிற்கச் சொன்னார். இறங்கியதும் தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். கட்டைவிரல் இருந்த இடத்தில் வட்டமாக ஈரம்.

"ஈரம் இருக்கு, பெரியவரே."

"பூட்ஸுக்குள்ள பனி போயிருக்கும். சரி, சாக்ஸையும் கழட்டிட்டு வெறுங்காலோட போறேன்."

லைல் ஒரு கோப்பைத் திறந்து விரலால் வரி வரியாகத் தேடினார். "வெறுங்கால் கூடாதுங்க. வேர்வையும் உப்புதான்."

"இந்தக் குளிர்ல எவனுக்கய்யா வேர்க்குது?"

"விதி வேர்க்கிறவங்களை நினைச்சு எழுதினது."

நெஸ்டர் கடிதத்தை நீட்டி, அவரையே கொண்டுபோய்க் கொடுத்துவிடச் சொன்னார். லைல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். தன்னுடைய எல்லை மூன்றாவது மிதியடியோடு முடிகிறது என்றார். அக்டோபரிலிருந்து வேலை பார்க்கிறார், கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒருநாளும் போனதில்லை.

"போகணும்னு ஆசைதான்," என்றார். கடல் தாண்டிய நாட்டைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

வீட்டுக்குள் மட்டும் போடுகிற ஷூ இருந்தால் அதைப் பையில் போட்டுக் கொண்டுவரலாம் என்று வழி சொல்லி அனுப்பினார். தட்டிலிருந்து எடுத்த பூட்ஸ் மரக்கட்டை மாதிரி விறைத்திருந்தது. உள்ளே கால் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று நெஸ்டருக்குக் கொஞ்ச நேரம் தெரியவில்லை. அன்றைக்கு ஏரிக்கரைக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்றேகால். பீட்ரூட் சூப் ஆறிப்போய் மேலே ஆடை கட்டியிருந்தது. ஸ்டெஃபா கண்ணைத் திறந்து கடிகாரம் இருந்த சுவரைப் பார்த்தாள். நாலு கரண்டி வாங்கினாள். அதோடு சரி.

புதன்கிழமை பையில் ஷூவோடு போனார். பள்ளிக்கூடத்தில் வகுப்பறைக்குள் போட்டுக்கொண்டிருந்த பழுப்பு ஷூ. வேலையிலிருந்து நின்ற பிறகும் வீட்டுக்குள்ளேதான் போட்டார். வானத்தையே பார்க்காத ஷூ என்று அதைச் சொல்லலாம். அதைத்தான் லைலிடம் சொன்னார்.

"அப்படின்னா கடையிலேருந்து எப்படி வந்துச்சு?" என்று லைல் கேட்டார்.

"பெட்டியில."

"கடையில போட்டுப் பார்த்தீங்களா?"

"போட்டுப் பார்க்காம எவனாவது ஷூ வாங்குவானா?"

"கடைத் தரையில உப்பு இருந்திருக்குமே."

"வாங்கினது ஜூலை மாசம், அய்யா."

லைல் யோசித்தார். இது தன் தகுதிக்கு மேற்பட்டது என்று சொல்லிவிட்டு, சுவரில் இருந்த போனை எடுத்து மேலிடத்துக்குச் சொன்னார்.

மேலிடம் இறங்கி வந்தது. வெண்டலின் ஹாஃப்னர் அம்மாள், குளிர்காலத் தரைக் காப்புப் பிரிவின் இயக்குநர். முழங்கால் வரை பூட்ஸ். கார் நிறுத்தும் இடத்திலிருந்து பக்கவாசல் வழியாக நேரே தரைமேல் ஏறி, டக் டக்கென்று நடந்து வந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார். அவர் வந்த வழி நெடுகக் கோலம் போட்டது போல வெள்ளைத் தடம் விழுந்திருந்தது. அவருக்குப் பின்னால் ஒரு பெண் மாப்பும் வாளியுமாக வந்து அந்தத் தடத்தின் மேல் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வெள்ளை அகலமாயிற்று.

"அம்மா, உங்க பூட்ஸ்லேருந்துதான் உப்பு வருது," என்றார் நெஸ்டர்.

"நான் நடக்கறது நடை இல்லைங்க, ஆய்வு," என்றார் ஹாஃப்னர் அம்மாள். கோபமில்லாமல்தான் சொன்னார். அவருக்குக் கோபம் வருகிற இடத்தில் நெஸ்டர் இருக்கவில்லை.

நெஸ்டர் குனிந்து கயிற்றுக்கு அடியில் தரையை ஒட்டிப் பார்த்தார். முப்பத்துநாலு வருஷம் பார்த்த கண். உப்பைச் சரியாகக் கழுவாமல் அதன்மேல் மெழுகு போட்டிருக்கிறீர்கள், அதுதான் அடியில் மாட்டிக்கொண்டு வெளுக்கிறது என்றார். எத்தனை பூச்சு என்று கேட்டார். பதினொன்று என்று ஹாஃப்னர் அம்மாள் பெருமையாகச் சொன்னார். மெழுகை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, அழுக்குத் தண்ணீரை அப்போதைக்கப்போது மாற்றினால் போதும், மிதியடியை நாலு தரம் உதறினால் இன்னும் நல்லது, பிறகு ஊரே நடக்கலாம் என்றார் நெஸ்டர்.

ஹாஃப்னர் அம்மாள் கடைசி வரை கேட்டார். "நல்ல கருத்து. பொதுமக்கள் கருத்துக்குன்னு ஒரு படிவம் இருக்கு. அதுல எழுதிக் குடுங்க."

"படிவம் எங்க கிடைக்கும்?"

"நாலாம் கவுண்டர்ல."

ஷூவைப் பற்றி, அது வெளியே போகாத ஷூ என்று இரண்டு பேர் எழுத்தில் சாட்சி சொன்னால் பரிசீலிக்கலாம் என்றார். ஷூவோடு ஒரே வீட்டில் வசித்தவர்களாக இருக்க வேண்டும். நெஸ்டர் கணக்குப் பார்த்தார். ஒரே வீட்டில் வசித்தது ஸ்டெஃபா மட்டும்தான். அவளுக்குப் பேச்சுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

அம்மாள் டக் டக்கென்று திரும்பிப் போனதும் மாப்புக்காரி கயிற்றோரம் வந்தாள். பெயர் தெரெசிட்டா. பிலிப்பைன்ஸிலிருந்து வந்து பதினாறு வருஷம் ஆகிறது. வாளித் தண்ணீர் சாக்கடை நிறத்தில் இருந்தது.

"ஏம்மா, தண்ணியை மாத்தக் கூடாதா?" என்றார் நெஸ்டர்.

"வாரத்துக்கு ஒரு தடவைதான் மாத்தணுமாம், தாத்தா. மாத்தப் போனா தரையைக் கடக்கணுமில்ல." அவள் மாப்பைப் பிழிந்தாள். "நீங்க சொன்னதைத்தான் நானும் முதல் மாசம் சொன்னேன். எனக்கு மூணு நாள் பயிற்சி குடுத்தாங்க."

"என்ன பயிற்சி?"

"சொல்லாம இருக்க."

வியாழக்கிழமை போனபோது மிதியடிக்கும் மிதியடி போட்டிருந்தார்கள். மிதியடி தேய்ந்து போகிறது என்று தணிக்கையில் எழுதிவிட்டார்களாம். புதிய மிதியடிக்குத் தனிக் காவலர் இன்னும் நியமிக்கப்படாததால் அன்று யாரும் அதன்மேல் ஏறக் கூடாது. ஆகவே சனங்கள் வெளியே, மைனஸ் இருபத்தெட்டில், வரிசையில் நின்றார்கள். ஒரு மீன்பிடிக்காரர் ஏரியில் கூடாரம் போடும் அனுமதிக்காக ஆறாவது தடவையாக வந்திருந்தார். ஏரி உருகிய பிறகு கிடைத்தாலும் வாங்கி வைத்துக்கொள்வேன், அடுத்த வருஷம் ஆகும் என்றார். ஒரு அம்மாள் தன் காலுக்கு உறை பின்னிக்கொண்டு நின்றாள். யாரும் சத்தம் போடவில்லை. குளிரில் வாயைத் திறந்தால் பல் வலிக்கும். நெஸ்டர் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு ஏரிக்கரைக்குப் போனார். கால்விரல் பத்தில் நாலுதான் இருப்பதாகத் தெரிந்தது. ஸ்டெஃபா அன்று ஏழு கரண்டி வாங்கினாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் போனால் லைல் புதுச் சட்டை போட்டிருந்தார். வாசலில் பூந்தொட்டி. மாகாணக் கட்டடப் பராமரிப்பாளர் மன்றத்திலிருந்து மூன்று பேர் வருகிறார்கள், சிறந்த குளிர்காலத் தரைக்கான கோப்பையை லோர்மண்டுக்குத் தரப் போகிறார்கள் என்று லைல் சொன்னார். ஒரே ஒரு சிக்கல். மன்றத்தின் விதிப்படி கோப்பை, பொதுமக்கள் புழங்குகிற தரைக்குத்தான்.

"அதனால ஒரு பொதுமக்கள் வேணும், பெரியவரே," என்றார்.

ஹாஃப்னர் அம்மாளே வந்து நெஸ்டரைத் தேர்ந்தெடுத்தார். சாட்சி, சான்று ஒன்றும் கேட்கவில்லை. பழுப்பு ஷூவைப் போடச் சொல்லி, குளிக்கும்போது தலைக்குப் போடுகிற பிளாஸ்டிக் தொப்பியைக் காலுக்கு இரண்டிரண்டாக மாட்டிவிட்டார்கள். பூட்ஸை லைல் எடுத்துக்கொண்டு பதினேழாம் எண் வில்லையைக் கொடுத்தார். நெஸ்டர் செய்ய வேண்டியது, சொன்னவுடன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடப்பது. முடிந்தால் சிரிப்பது. அவர் கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்தார். டாக்டர் கடிதம் இருந்தது. அந்தக் கோடியில்தான் நாலாம் கவுண்டர். விளக்கு எரிகிறது. இருபத்திரண்டு தப்படி. எழுத்துகளை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மன்றத்துக்காரர்கள் மூவரும், படம் எடுக்க ஒருவரோடு வந்தார்கள். ஆய்வு என்பதால் பூட்ஸோடு தரையில் நின்றார்கள். ஹாஃப்னர் அம்மாள் பேசினார்.

"போன வருஷம் இந்தத் தரையில நாப்பத்தோராயிரம் பேர் நடந்தாங்க. எவ்வளவு கீறல், எவ்வளவு உப்பு, அதையெல்லாம் நான் இப்ப நினைக்கவே விரும்பலை. இந்த வருஷம் இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்கூட நடக்கலை. போன வருஷம் எங்க பிரிவுல ரெண்டு பேர். இப்ப பதினாலு பேர். அவங்க உட்கார இடமில்லைன்னு சொன்னாங்க, அதுக்கும் வழி பண்ணிட்டோம். மக்கள்கிட்டேருந்து ஒரு புகார்கூட வரலை. புகார்ப் பெட்டி அந்தப் பக்கச் சுவர்ல இருக்கு, யார் வேணும்னாலும் திறந்து பாருங்க, காலியாத்தான் இருக்கும். இந்தத் தரை மக்களுக்கானது. அதனாலதான் மக்கள்கிட்டேருந்து இதைக் காப்பாத்தறோம்."

கை தட்டினார்கள். லைல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிவப்புக் கயிறு அவிழ்ந்தது.

நெஸ்டர் கால் வைத்தார். பதினொரு பூச்சு மெழுகின்மேல் பிளாஸ்டிக். உறைந்த ஏரியில் நடப்பது போலப் பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்துப் போனார். ஒன்பதாவது தப்படியில் இடுப்பு ஒரு பக்கம் போயிற்று. விழவில்லை. யாரும் பிடிக்கவும் இல்லை, பிடித்தால் படத்தில் விழும். பதினெட்டு, பத்தொன்பது. மூன்று நாளாகக் கண்ணால் நடந்த தூரத்தை இப்போது கால் நடந்தது, ஆனால் காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. இருபத்திரண்டில் நாலாம் கவுண்டரின் பலகையைக் கையால் பிடித்தார்.

விளக்கு எரிந்தது. நாற்காலி காலி. மேஜைமேல் மெழுகு டப்பாக்களை அடுக்கியிருந்தார்கள். எழுத்து மாட்டியிருந்த சுவரில் ஆணி மட்டும் இருந்தது. இந்தப் பக்கம் வந்து நின்றால் மட்டுமே கண்ணில் படுகிற மாதிரி ஒரு தாள் ஒட்டியிருந்தது. வருகிறவர்கள் இல்லாத காரணத்தால், நவம்பர் பன்னிரண்டு முதல் எல்லாக் கவுண்டர்களும் தெற்கே கேர்ன்ஃபீல்டுக்கு மாற்றப்பட்டன.

தெரெசிட்டா அங்கே மாப்போடு நின்றிருந்தாள். சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தாள்.

"மன்னிச்சுக்குங்க, தாத்தா. சொல்லியிருக்கலாம்."

"அப்ப லைட்டு எதுக்கு எரியுது?"

"அது எரிஞ்சாத்தான் தரையில பளபளப்பு தெரியுமாம்."

நெஸ்டர் கொஞ்ச நேரம் விளக்கைப் பார்த்தார். தரையிலும் அது எரிந்தது, மங்கலாக, பாலுக்குள் விழுந்த மாதிரி. திரும்பினார். ஹாஃப்னர் அம்மாள் கோப்பையை வாங்கிக்கொண்டு ஒரு தாளோடு வந்தார். இதுவரை பூஜ்யமாக இருந்த எண்ணிக்கை இவர் நடந்ததால் ஒன்று ஆகிவிட்டது, ஆகவே தான் நடந்தது காட்சிக்காகத்தானே தவிர எந்த வேலையாகவும் அல்ல என்று இவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பதிவேடு சுத்தமாக இருக்கும் என்றார்.

நெஸ்டர் தன் லைசென்ஸ் இன்றோடு முடிகிறது என்று சொன்னார். ஸ்டெஃபாவைப் பற்றியும் சொன்னார். இரண்டு வாக்கியம்தான்.

அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உண்மையிலேயே உதவத்தான் நினைத்தார் போலிருக்கிறது. "கேர்ன்ஃபீல்டு ஆபீஸ் ஒரு மணி வரைக்கும் இருக்கும். இப்ப பத்தே முக்கால். ரெண்டு மணி நேரம் வண்டி. உடனே கிளம்பினா பிடிச்சுடலாம். இன்னைக்கு ஒரு நாள் மத்தியானம் அவங்க சாப்பிடலைன்னா, அப்புறம் எல்லா நாளும் நீங்க போகலாம். யோசிச்சுப் பாருங்க, இது சின்னக் கணக்குத்தான்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. சரியான கணக்குகளை நெஸ்டர் வாழ்க்கையில் நிறையப் பார்த்திருக்கிறார்.

"அந்த ஆபீஸ்ல தரை இருக்கா?" என்று கேட்டார்.

"புதுத் தரை," என்றார் அம்மாள். முகம் மலர்ந்தது. "முழுக்க மொசைக். போன வாரம்தான் அங்கயும் நம்ம பிரிவு தொடங்கினோம்."

நெஸ்டர் தாளில் கையெழுத்துப் போடவில்லை. தாளை நாலாக மடித்து டாக்டர் கடிதத்தோடு பைக்குள் வைத்துக்கொண்டு, வந்த வழியே இருபத்திரண்டு தப்படி தேய்த்துக்கொண்டு திரும்பினார். கயிற்றோரம் லைலிடம் வில்லையை நீட்டினார். லைல் நெளிந்தார். வாசல் தட்டில் இருக்கும் பழைய பூட்ஸெல்லாம் படத்தில் அசிங்கமாகத் தெரிகிறது என்று கீழ்த்தளத்து அறையில் போட்டுப் பூட்டிவிட்டார்களாம். சாவிக்காரர் மன்றத்துக்காரர்களுக்கான விருந்தில் இருக்கிறார். இரண்டு மணிக்கு வருவார்.

"அதுவரைக்கும் உட்காருங்க, பெரியவரே. காபி தர்றேன்."

"பன்னெண்டு மணிக்கு சூப் ஆறிடும்."

காலிலிருந்து பிளாஸ்டிக் தொப்பிகளை ஒவ்வொன்றாக உருவி லைல் கையில் கொடுத்தார். லைலின் கண் கீழே இறங்கிப் பழுப்பு ஷூவில் நின்றது.

"பெரியவரே, அதோட வெளிய இறங்கிட்டீங்கன்னா அப்புறம் அது உள்ள வர முடியாது. என்னைக்குமே முடியாது. விதி."

"வராது."

"கேர்ன்ஃபீல்டுல நிச்சயமா வேலை முடிஞ்சிடும்ங்க. நம்புங்க."

நெஸ்டர் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினார். பத்தொன்பது வருஷம் வானத்தைப் பார்க்காத ஷூவின் கீழே உப்பு கரகரவென்று நொறுங்கியது. ஐந்தாவது தப்படிக்குள் ஓரத்தில் வெள்ளைக் கோடு ஏறிவிட்டது. பத்தாவதில் கட்டைவிரல் மரத்தது. கார்வரை எண்ணிக்கொண்டே போனார், முப்பத்தெட்டு ஆயிற்று. தெற்கே போகிற சாலை இடது பக்கம், வடக்கே போவது வலது. இன்று ராத்திரியும் மறக்காமல் வயரைச் செருகி வைக்க வேண்டும், நாளைக்கும் எஞ்சின் கிளம்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அவர் வண்டியை வலது பக்கம் திருப்பினார்.